புலம்பலின் நடுவே ஓர் அறிக்கை

புலம்பல் 3:22, 23 வசனங்கள் நம் திருச்சபைகளில் புத்தாண்டு வாக்குத்தத்தமாகவும் நாட்காட்டி வாசகமாகவும் பெரிதும் வழங்குகின்றன. நூலினின்று பிரிக்கப்பட்ட நிலையில் அவை நூலின் பொருளைத் தருகின்றனவா என நாம் ஆராய்தல் வேண்டும்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் எழுந்தது இந்நூல். இதன் ஐந்து பாடல்களுள் முதல் நான்கும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளைத் தலைப்பெழுத்துகளாகக் கொண்டு அமைந்தவை. மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மும்மூன்றாக 66 வசனங்கள் உள்ளன. மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும் இவ்வமைப்பு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. தேவனுடைய உண்மையைப் பற்றிய அறிக்கை எட்டாம் எழுத்திலேயே வந்துவிடுகிறது. அதன்பின்னும் புலவன் அழுகிறான். மன்றாட்டு எட்டாதவாறு மேகம் தடுக்கிறதென 44ஆம் வசனத்தில் முறையிடுகிறான். ஐந்தாம் பாடலோ, 22 வசனங்களைக் கொண்டிருந்தும் எழுத்து வரிசையைக் கைவிட்டு, தீராத ஐயத்துடன் முடிகிறது. யூத ஜெப ஆலயங்களில் இறுதி வசனத்தின்பின் அதற்கு முந்திய வசனத்தை மீண்டும் ஓதும் வழக்கம், அவ்வையத்தின் கூர்மைக்குச் சான்றாகும்.

ஆகவே இவ்வறிக்கை, துயர் தீராத நிலையில் உரைக்கப்பட்ட விசுவாசமாகும். இழவு வீட்டில் இவ்வசனத்தைக் கூறி அழுகையை அடக்க முற்படும் போதகர், பாடலைப் பிழைபட வாசிக்கிறார். துயருறுவோரையும் தனியே விட்டுவிடுகிறார். முதலிரு பாடல்களின் அழுகைக்குச் செவிகொடுத்த பின்னரே மூன்றாம் பாடலை வாசித்தல் தகும். நம் கண்ணீரைத் தாங்கமாட்டாத அளவுக்குத் தேவனுடைய உண்மை நொய்ம்மையானதன்று.