55 டிகிரி யாருக்கு?

கலனை 55 டிகிரிக்குச் சூடேற்றினால் சாண எரிவாயு இரட்டிப்பாகும், ஆகவே வீட்டுக் கலனுக்கும் ஹீட்டர் வையுங்கள் என்று ஒரு பேச்சு பரவி வருகிறது. இதை நெடுநாளாக மறுத்து வருகிறேன்.

சூட்டின் பலன்கள் உண்மைதான். நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெருமளவு அழிகின்றன. டென்மார்க்கில் பெரிய கூட்டு ஆலைகள் பல 50 டிகிரிக்கு மேல்தான் ஓடுகின்றன. எஞ்சினின் கழிவுச் சூடு கையில் இருக்கும் ஆலைக்கு அது பொருந்தும்.

மூன்று மாடு வைத்திருப்பவரின் கணக்கு வேறு. 25 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஏறத்தாழ ஒரு கனமீட்டர் வாயு வரும்; அதில் இருக்கும் வெப்பம் சுமார் 20 மெகாஜூல். அந்த 50 கிலோ கரைசலை 25 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்றவே 6 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். வந்த வாயுவில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. பர்னரில் வீணாவதையும், ராத்திரியில் சுவர் வழியே இறங்கும் சூட்டையும் சேர்த்தால் பாதியும் மிஞ்சாது. மிச்சத்தில் உலை வைப்பதா, கலனைக் காய்ச்சுவதா?

இரட்டிப்பு என்பதே கலனின் கொள்ளளவுக்குச் சொல்லும் கணக்கு. சாணத்தின் அளவுக்கு அல்ல. சூடு வேகத்தைக் கூட்டும். சாணத்தில் செரிக்கக்கூடியது எவ்வளவோ, வாயுவும் அவ்வளவுதான். போதிய நாள் கொடுத்தால் 35 டிகிரியிலும் ஏறக்குறைய அதே வாயு வந்துவிடும். இதை மறைத்துவிட்டுக் கலனை விற்பது உழவரை ஏய்ப்பதாகும். போதாததற்கு, 55 டிகிரியில் வாழும் நுண்ணுயிர்கள் சில டிகிரி சரிந்தாலே சுணங்கிவிடும். மின்வெட்டுள்ள ஊரில் அவற்றை எப்படிக் காப்பது? கோழி எருவாக இருந்தால் அம்மோனியாவின் நச்சும் சூட்டோடு ஏறும்.

கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றி. 20 டிகிரிக்குக் கீழே வாயு குறையும், 10க்குக் கீழே ஏறக்குறைய நின்றே போகும். அதனால்தான் நம் நாட்டில் கரைசல் கலனில் தங்கும் காலத்தைச் சமவெளிக்கு 30 நாள், குளிர்ப் பகுதிக்கு 55 நாள் என்று வகுத்தார்கள். ஊட்டியில் 30 நாள் கலனைக் கட்டினால் டிசம்பரில் அடுப்பு எரியாது. அங்கே தேவை பெரிய கலன், மண்ணுக்குள் இறக்கிய குழி, சுற்றிலும் மக்கு எருக் குவியல், வெயிலில் காய்ந்த தண்ணீரில் கரைத்த சாணம். இவற்றில் எதற்கும் ஹீட்டர் வேண்டாம்.

சூடேற்றும் கலனை வாங்கச் சொல்லி யாராவது வந்தால், சூடேற்றச் செலவானது போக அடுப்புக்கு எத்தனை கனமீட்டர் மிஞ்சும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கொடுங்கள்.