உடம்பைப் பேசவிடும் இயக்குநர்

தையல் கடைப் பையன் ஒருவன் குத்துச்சண்டை வீரனுக்குக் கல்யாண உடுப்பு தைக்க அளவெடுக்கிறான். ஒரு உடம்பு அடி வாங்கிப் பழகியது. இன்னொன்று ஆடத் துடிப்பது. அளவெடுக்கும் கையும் அசையாமல் நிற்கும் தோளுமே கதையைச் சொல்லிவிடுகின்றன; வசனத்துக்கு அங்கே அதிக வேலையில்லை. 2018இல் வந்த 'என் உடலின் நினைவுகள்' என்ற இந்தோனேசியப் படம் அது. இயக்கியவர் கரின் நுக்ரோஹோ. ஆட்டக்காரர்களின் தோளையும் காலையும் பார்த்தே ஆட்டத்தைக் கணிக்கப் பழகிய என் கண்ணுக்கு, அதே கண்ணோடு கேமராவைப் பிடிக்கும் ஒருவர் தெரிந்தார். இந்த வாரப் பத்தி அவருக்குத்தான்.

1961இல் ஜாவாவின் யோக்யகர்த்தாவில் பிறந்தவர். முதல் முழுநீளப் படம் 1991இல் வந்தது. அந்த ஆண்டே இந்தோனேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான சித்ரா விருது. அறிமுக ஆட்டத்திலேயே சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டில் படத் தயாரிப்பு சரிந்தது. 1992க்குப் பிறகு 2004 வரை அந்த விழாவே நடக்கவில்லை. ஒரு இயக்குநர் வளர்ந்து முதிர வேண்டிய ஆண்டுகளில் சொந்த மைதானமே பூட்டிக் கிடந்தது. கரின் வெளியூர் ஆட்டங்களிலேயே பெயரெடுக்க வேண்டியிருந்தது. பெர்லின், கான், லொகார்னோ, வெனிஸ் என்று போன இடமெல்லாம் எடுத்தார்.

1998இல் 'தலையணை மேல் இலை' கான் விழாவுக்குப் போனது. அந்த ஆண்டு மே 21ஆம் தேதி, விழா நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, 32 ஆண்டுகள் நாட்டை ஆண்ட சுகார்த்தோ பதவி விலகினார். படமோ யோக்யகர்த்தாவின் தெருவில் வளரும் மூன்று பையன்களைப் பற்றியது. அவர்களுக்கு இடம் கொடுக்கும் ஆசிஹ் என்ற பெண்ணாக நடித்தவர் அந்நாட்டின் மூத்த நடிகை கிறிஸ்டின் ஹகிம்; தயாரிப்பும் அவரே. பையன்கள் நடிகர்கள் அல்லர், தெருப் பிள்ளைகளேதான். இலை வரைந்த ஒரு தலையணைக்கு அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் நடிப்பு என்ற சொல்லே மறந்துபோகும். ஒருவன் ரயில் கூரை மேல் போகும்போது சுரங்கப் பாதையில் தலை மோதிச் சாகிறான். இன்னொருவனைக் காப்பீட்டுப் பணத்துக்காகக் கொல்கிறார்கள். மூன்றாமவனுக்கு அடையாள அட்டை இல்லை. செத்த பிறகு புதைக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. தேர்ந்த நடிகையையும் பயிற்சியே இல்லாத பையன்களையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தி, யாரும் யாரையும் அமுக்காமல் பார்த்துக்கொள்வது சாதாரணத் திறமை இல்லை.

அவருடைய உச்சம் என்று நான் சொல்வது 2006இல் வந்த 'ஓபரா ஜாவா'. மொசார்ட் பிறந்த 250ஆம் ஆண்டையொட்டி வியன்னாவில் நடந்த விழாவுக்காக, மேடை இயக்குநர் பீட்டர் செல்லர்ஸின் அழைப்பில் எடுத்த படம். பேச வேண்டியதையெல்லாம் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். ரஹாயு சுபங்கா அமைத்த, கமெலான் என்ற ஜாவா மரபு வாத்தியக் குழுவின் இசை முழுப் படத்தையும் தாங்குகிறது. கதை நமக்குப் புதிதல்ல, சீதை கதைதான். ஆனால் இங்கே ராமன் நொடித்துப்போன மண்பாண்ட வியாபாரி, பெயர் செத்யோ. மனைவி சித்தி முன்பு நடனக்காரி. ராவணன் இடத்தில் லுதிரோ, ஊரையே கைக்குள் வைத்திருக்கும் கசாப்புக்காரன்.

லுதிரோ வீட்டிலிருந்து சித்தியின் வாசல் வரை ஒரு சிவப்புத் துணி நீண்டு கிடக்கிறது. கடத்தல் இல்லை, தேர் இல்லை. அந்தத் துணியில் கால் வைப்பதா வேண்டாமா என்பதுதான் முழுப் போராட்டமும். லுதிரோவாக ஆடும் எகோ சுப்ரியாந்தோ மடோனாவின் உலகப் பயண மேடையில் ஆடியவர்; அவர் உடம்பு வெடிக்கிறது. செத்யோவாக வரும் மிரோதோ ஜாவாவின் செவ்வியல் நடனத்தில் ஊறியவர். அவர் உடம்பு உள்ளுக்குள் இறுகுகிறது. இரண்டு ஆட்ட முறைகள் நேருக்கு நேர் மோதுகின்றன, நடுவில் ஒரு பெண் மாட்டிக்கொள்கிறாள். சந்தேகம் முற்றி செத்யோவே அவளைக் கொல்லும்போது, எந்த ராமாயணத்திலும் படாத இடத்தில் நமக்கு அடி விழுகிறது.

சறுக்கல்களையும் சொல்லத்தான் வேண்டும். முதல் இந்தோனேசிய ஆயர் பற்றிய 'சுகியா' (2012), தேசத் தலைவர் சொக்ரோஅமினோத்தோ பற்றிய படம் (2015) இரண்டிலும் பணம் தெரிகிறது, உழைப்பு தெரிகிறது, கரின் தெரியவில்லை. பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உடம்பைப் பேசவிட்டால் ஜெயிக்கிறார், வசனத்தை நம்பினால் தடுமாறுகிறார்.

அது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். 2016இல் 'செத்தான் ஜாவா' எடுத்தார். கறுப்பு வெள்ளை மௌனப் படம். திரைக்கு முன்னால் கமெலான் குழு நேரடியாக வாசிக்கும். அதன் பிறகுதான் தொடக்கத்தில் சொன்ன தையல் கடைப் படம். பெண் வேடமிட்டு ஆடும் லெங்கெர் கலைஞர் ரியாந்தோவின் வாழ்க்கையிலிருந்து பிறந்த அந்தக் கதையில், ரியாந்தோவே வந்து ஆடவும் செய்கிறார். 2019இல் எதிர்ப்புக் கிளம்பியது. தெபோக் உள்ளிட்ட சில ஊர்களில் படத்தைத் திரையிட விடவில்லை. ஒரு மண்ணின் கலையை அந்த மண்ணிலேயே மறிப்பது வேதனையான விஷயம். அதே ஆண்டின் இறுதியில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட சித்ரா விருதுகள் அந்தப் படத்துக்கே போயின.

அவர் மகள் கமிலா ஆந்தினியும் இயக்குநர். 'யூனி' படத்துக்காக 2021இல் டொரண்டோவில் பரிசு வென்றவர். மகள் உச்சத்துக்கு வந்த காலத்திலும் தந்தை ஓய்வை நினைக்கவில்லை. 1930களின் பாலித் தீவில் நடக்கும் 'சம்சாரா'வை மீண்டும் மௌனப் படமாக எடுத்தார். கமெலானோடு இம்முறை மின்னணு இசையும் சேர்ந்தது. 2024இல் சிறந்த இயக்குநருக்கான சித்ரா விருது அதற்குத்தான். அப்போது அவருக்கு வயது 63.

இதுவரை அவர் படம் எதுவும் பார்க்காதவர்கள் 'ஓபரா ஜாவா'விலிருந்து தொடங்குங்கள். சிவப்புத் துணி வரும் இடத்தில் சித்தியின் பாதத்தை மட்டும் பாருங்கள்.