காலந்தாழ்ந்து வரும் சாட்சி

நாவல் பொழுதுபோக்குக்கு உரியது என்றும், சித்திரக் கதை சிறுபிள்ளைகளுக்கு உரியது என்றும் நம்மவருள் ஓர் எண்ணம் நெடுநாளாக வேரூன்றிக் கிடக்கிறது. பாசிர் கூடாங் போன்ற தொழில் நகரத்தில் இரவு பகல் என்று முறை மாற்றி உழைத்து, அலுத்து வீடு திரும்பும் தமிழ்த் தொழிலாளிக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்போரும் உளர். இவ்வெண்ணம் பெரும் பிழை என்பதே நமது அபிப்பிராயம். ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த கொடுமையைச் சர்க்கார் அறிக்கை ஒருவிதமாகச் சொல்லும். முதலாளியின் கணக்குப் புத்தகம் வேறொரு விதமாகச் சொல்லும். பட்டவன் பக்கம் நின்று அவன் நெஞ்சைத் திறந்து காட்ட வல்லது நாவலே. ஆதலால், ஒரு நாவலைக் கையில் எடுத்ததும், "நன்றாய் எழுதப்பட்டிருக்கிறதா?" என்று கேட்பதோடு, "வரவேண்டிய காலத்தில் வந்து சாட்சி சொல்லிற்றா?" என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

இந்நாட்டுத் தமிழ் நாவல்களை இந்தக் கேள்வியோடு அணுகினால் மனம் வருந்தாமல் இருக்க முடியாது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப்பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவாலும் பசியாலும் அங்கே மடிந்தனர். அக்கொடுமையைக் கருவாகக் கொண்ட ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வெளிவந்தது 1993இல்; அதாவது ஐம்பது ஆண்டு கழித்து! அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005இல் வந்தது. கோ. புண்ணியவானின் 'கையறு' அதற்கும் பிற்பட்டது. 1980களில் பகாங் மாநிலத்துச் செலாஞ்சார் அம்பாட்டில் தொழிலாளரைக் கொத்தடிமைகளாய் அடைத்து வைத்து வேலை வாங்கிய செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. அவ்வூர்ப் பெயரையே தலைப்பாகக் கொண்டு புண்ணியவான் எழுதிய நாவல் வந்தது 2013இல். 1981இல் கெடா மாநிலம் லுனாசில் நச்சுச் சாராயம் குடித்துத் தமிழர் பலர் மாண்டனர். அதைப் பின்னணியாக்கிய ம. நவீனின் 'பேய்ச்சி' வந்தது 2019இல்.

ஐம்பது ஆண்டு, முப்பது ஆண்டு, முப்பத்தெட்டு ஆண்டு! இந்த ஆசிரியர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. வேறு யாரும் முன்வராத நிலையில் எழுதியவர்கள் அவர்களே. அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

நாவல் கனிவதற்குக் காலம் வேண்டும் என்று சிலர் சமாதானம் கூறுவர். 1812ஆம் ஆண்டு யுத்தத்தை டால்ஸ்டாய் அரை நூற்றாண்டு கழித்துத்தானே எழுதினார் என்று உதாரணமும் காட்டுவர். உண்மைதான். ஆனால் டால்ஸ்டாய் எழுத உட்கார்ந்தபோது அவர் மேஜைமேல் அந்த யுத்தத்தில் நின்றவர்கள் எழுதிய கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் சரித்திரங்களும் குவிந்து கிடந்தன. நம் பால்மரத் தொழிலாளி என்ன எழுதி வைத்தான்? அவனுக்கு எழுத்தறிவு கிட்டாதபடி பார்த்துக்கொண்ட காலமல்லவா அது! அவன் நினைவே அவனது ஏடு. அவன் கண் மூடினால் அந்த ஏடும் அவனோடு எரிந்துபோகிறது. ஆகவே, ரஷ்யப் பிரபு காத்திருக்கலாம். நாம் காத்திருக்க இயலாது.

இத்தாமதத்தால் வேறொரு குறையும் நேர்கிறது. காலம் கடந்தபின் எஞ்சுவது துயரம், மறைந்துபோவது காரணம். ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தது, கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், அதிகாரி ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்பன போன்ற விவரங்கள் முதலில் மறக்கப்படுகின்றன. அதனால்தான் நம் நாவல்களிற் பல அழவைப்பதில் வலிமையும், ஆராய வைப்பதில் தளர்ச்சியும் உடையனவாய் இருக்கின்றன.

நிற்க. 'பேய்ச்சி'க்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒழுக்கக் கேடானது என்று கூறி 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. அந்நூலின் கொச்சை மொழியையும், அதன் பேய்த் தெய்வப் பின்னலையும் பற்றி வாசகருக்குள் மாறுபட்ட கருத்து இருக்கலாம், இருப்பதும் நன்றே. ஆனால் படித்தவன் மறுத்துப் பேசுவது விமரிசனம்; படிக்காதே என்று பூட்டுவது விமரிசனமாகாது. முப்பத்தெட்டு ஆண்டு தாமதித்து வந்த சாட்சியை ஓராண்டுக்குள் வாய் மூடச் செய்தால் நஷ்டம் யாருக்கு?

இனி, சித்திர நாவலைப் பற்றிச் சில வார்த்தை. இந்நாட்டில் அவ்வகைக்கு வழி காட்டியவர் லாட். 1979இல் வெளிவந்த அவரது 'கம்போங் பாய்' ஒரு மலாய்ச் சிறுவனின் வேடிக்கைக் கதை போலத் தோன்றும். ஆனால் பக்கங்களின் ஓரத்தில் ஈயக் கப்பல் மண்ணைத் தோண்டிக்கொண்டே வருகிறது. கிராமம் அழியப்போகிறது என்பதை ஒரு பிரசங்கமும் இன்றி நாம் உணர்ந்துகொள்கிறோம். சிரம்பானில் பிறந்த சோனி லியூ, ஒரு கற்பனை ஓவியனின் வாழ்க்கையாகச் சிங்கப்பூர்ச் சரித்திரத்தை 2015இல் வரைந்தார். அங்குள்ள கலை மன்றம் கொடுத்த மானியத்தைத் திரும்பப் பெற்றது. 2017இல் அதே நூலுக்கு அமெரிக்காவில் மூன்று ஐஸ்னர் விருதுகள் கிடைத்தன. ஈழத்து வன்னிப் போர் 2009இல் முடிந்தது. உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களைத் திரட்டி பெஞ்சமின் டிக்ஸ், லிண்ட்சே பொல்லாக் இருவரும் படைத்த 'வன்னி' 2019இலேயே வந்துவிட்டது. சாட்சிகள் உயிரோடிருக்கையில் வந்தமையால், பதுங்கு குழியின் ஆழமும் கூடாரத்தின் கிழிசலும்கூட அதில் இடம் பெற்றன. நம் மக்கள் பட்ட பாட்டை வெள்ளையர் இருவர் வரைய வேண்டியிருந்ததே என்பது மட்டும் நம் நெஞ்சில் உறுத்துகிறது.

இப்போது பாசிர் கூடாங்குக்கு வருவோம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கள்ளத்தனமாய்க் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவின் நச்சுக் காற்றால் பிள்ளைகள் மூச்சுத் திணறினர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டபின் பிழைப்பைத் தேடி ஆலைப் புகையின் கீழே குடியேறிய பெற்றோரின் மக்கள் அவர்கள். தோட்டத்தைப் பற்றி நாவல் உண்டு. தோட்டத்தை விட்டு வந்தவன் மூச்சு முட்டி நின்றதைப் பற்றி நம் கைக்கு எட்டிய தமிழ் நாவல் ஒன்றுமில்லை.

இதற்கும் ஐம்பது ஆண்டு காத்திருப்பதா? அன்று முகமூடி அணிந்து பள்ளியை விட்டு வெளியேறிய சிறுவர் இன்று இளைஞராகிவிட்டனர். அவர்களுள் எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். வரையத் தெரிந்தவர் வரையட்டும். எழுதவும் வரையவும் தெரியாதவர் தேதியோடு சொல்லட்டும், மற்றவர் குறித்து வைக்கட்டும். பாட்டன் சொல்லாமல் சாம்பலானது போதும். பேரனாவது உயிரோடிருக்கும்போதே சாட்சி சொல்வானாக!