ஏழாம் மாதத்தில் வருவது ஜீவனா, ஜ்ஞானமா?

ஸ்ரீமத் பாகவதம் மூன்றாம் ஸ்கந்தம் 31ஆம் அத்தியாயத்தில், கபில பகவான் தம் திருத்தாயாரான தேவஹூதிக்கு, கர்ப்பத்தில் சிசு வளரும் க்ரமத்தை உபதேசிக்கிறார். இப்பகுதியை எடுத்து உபந்யஸிப்பவர்கள் பலர் இரண்டு முடிவுகளுக்கு விரைகின்றனர். இன்றைய மருத்துவம் கண்டதனைத்தையும் பாகவதம் முன்பே கூறிவிட்டது என்பது ஒன்று. ஏழாம் மாதத்தில்தான் ஜீவன் உடலில் புகுகிறான் என்பது மற்றொன்று. முன்னது சாஸ்த்ரத்துக்கு வேண்டாத புகழ்ச்சி. பின்னது ஸித்தாந்தத்துக்கே விரோதம்.

மூலத்தில் உள்ளது இது. முதல் இரவில் கலலம், ஐந்தாம் இரவில் குமிழி, பத்தாம் நாளில் இலந்தைக் கனி போன்ற வடிவு, பின்னர் தசைப்பிண்டம் அல்லது முட்டை வடிவு. முதல் மாதத்தில் தலை. இரண்டில் கை கால்கள். மூன்றில் நகம், ரோமம், எலும்பு, தோல், ஆண் பெண் என்னும் அடையாளம். நான்கில் ஏழு தாதுக்கள். ஐந்தில் பசியும் தாகமும். ஆறில் ஜராயுவால் சூழப்பட்டு வயிற்றின் வலப்புறத்தில் அசைதல். ஏழில் அறிவு பெறுதல்.

இவற்றுள் சில இன்றைய மருத்துவத்தோடு இசைவது உண்மையே. ஐந்தாம் நாளளவில் கரு உள்ளீடற்ற குமிழி போன்ற நிலையை அடைகிறது. மூன்றாம் மாத முடிவில் பால் வேறுபாடு புறத்தே தெரியத் தொடங்குகிறது. மாதத்தை 28 நாளாகக் கொண்டால், பாகவதம் சொல்லும் பத்து மாதம் 280 நாளாகிறது. மருத்துவர் எண்ணும் 40 வாரமும் அதுவே. ஆனால் பத்தாம் நாள் கரு ஒரு மில்லிமீட்டர் அளவைக்கூட எட்டுவதில்லை. அதை இலந்தைக் கனியோடு ஒப்பிடுவது வடிவைப் பற்றியதாகலாமேயன்றி அளவைப் பற்றியதாகாது. சிசுவைச் சூழும் சவ்வு முதல் சில வாரங்களிலேயே அமைந்துவிடுகிறது. நான்காம் வாரத் தொடக்கத்தில் துடிக்கத் தொடங்கும் இதயத்தைப் பற்றி மூலத்தில் பேச்சே இல்லை. இசைவதை முழக்கி இசையாததை மறைப்பது ப்ரமாணத்தை ரக்ஷிப்பதாகாது. நாளை எதிரி ஒருவன் இசையாத ஒன்றைக் காட்டினால், இசைவு ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு எழுப்பிய மதிப்பு முழுவதும் சரியும்.

முன்னோர் நூல்களுக்குள்ளேயே இக்கணக்கு ஒருபடியாக இல்லை. கர்ப்போபநிஷத்தில் குமிழி ஏழாம் இரவிலும், தலை இரண்டாம் மாதத்திலும், பாதங்கள் மூன்றாம் மாதத்திலும் உண்டாகின்றன. சரக ஸம்ஹிதையின் சாரீர ஸ்தானமோ, எவ்வுறுப்பு முதலில் தோன்றுகிறது என்பதைப் பற்றி ஒரு விவாதத்தையே காட்டுகிறது. தலை என்றார் குமாரசிரஸ் பரத்வாஜர்; ஹ்ருதயம் என்றார் காங்காயனர்; நாபி என்றார் பத்ரகாப்யர்; அனைத்தும் ஒருசேர என்றார் தன்வந்தரி. ஆத்ரேயர் ஏற்றது கடைசிப் பக்ஷத்தை. ஆகவே தலை முதல் மாதத்தில் என்று பாகவதம் சொல்வது, வைத்யர்களிடையே வழங்கிய பல கணக்குகளுள் ஒன்றைத் தழுவியது என்று கொள்வதே நேர்மை. தாத்பர்யம் அங்கில்லை.

எங்குள்ளது என்பதை ஸ்ரீவிஷ்ணுபுராணம் தெளிவாக்குகிறது. ஆறாம் அம்சம் ஐந்தாம் அத்தியாயத்தில் பராசரர் அதே கர்ப்பத்தை வர்ணிக்கிறார். மாதக்கணக்கு ஒன்றும் அவர் கூறவில்லை. சிசு முதுகும் கழுத்தும் வளைந்து கிடப்பதையும், தாய் உண்ணும் புளிப்பும் கசப்பும் காரமும் உப்பும் அதை வாட்டுவதையும், கை கால்களை நீட்டவும் மடக்கவும் மாட்டாமல் மலமூத்ரங்களிடையே கிடந்து, மூச்சின்றி, ஆனால் உணர்வோடு முற்பிறவிகள் பலவற்றை நினைப்பதையுமே சொல்கிறார். நோய் இன்னதென்று காட்டிய அவர், பகவானை அடைவதே அதற்கு மருந்து என்று முடிக்கிறார். நாள் கணக்கு ஒன்றுமில்லாமலே இவ்வுபதேசம் நிறைவெய்துகிறது.

இனி ஏழாம் மாதம். ஜீவன் அப்போதுதான் வருகிறான் என்போர் கர்ப்போபநிஷத்தைத் துணைக்கு அழைப்பர். ஏழாம் மாதத்தில் ஜீவனோடு கூடுகிறது என்று அங்குள்ளது. ஆயின் கபிலருடைய உபதேசத்தின் முதல் ச்லோகமே இவ்வாதத்தை விலக்குகிறது. தெய்வத்தின் ஆளுகைக்குட்பட்ட கர்மத்தால், உடலைப் பெறும்பொருட்டு, புருஷனுடைய ரேதஸ்ஸின் துளியைப் பற்றிக்கொண்டு ஜீவன் ஸ்த்ரீயின் வயிற்றில் புகுகிறான் என்பது அதன் பொருள். ஏழாம் மாதம் வரை ஜீவன் இல்லையெனில், ஐந்தாம் மாதத்துப் பசியும் தாகமும் யாருக்கு?

ஸ்ரீபாஷ்யம் மூன்றாம் அத்தியாயம் முதல் பாதத்தின் முடிவு இங்கே நினைக்கத்தக்கது. மழை வழியாக இறங்கி நெல் முதலியவற்றில் தங்கும் ஜீவனுக்கு அவை உடலல்ல. வேறு ஜீவர்களுக்குரிய உடலில் அவன் ஒட்டியிருக்கிறான், அவ்வளவே. யோனியை அடைந்த பின்பே அவனுக்கென ஓர் உடல். ஸுகதுக்க அநுபவமும் அங்கேதான் என்பது எம்பெருமானார் நிர்வாஹம். ஜீவனுடைய ஸ்வரூபம் எப்போதும் ஜ்ஞாநமயம். சுருங்குவதும் விரிவதும் தர்மபூத ஜ்ஞாநம். ஆகவே ஏழாம் மாதத்தில் நிகழ்வது அதன் விகாஸம், ஜீவனின் வருகையன்று. உபநிஷத் வாக்யத்தையும் இவ்வாறே நிர்வஹிக்க வேண்டும்.

இது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடன்று. நான்காம் மாதத்தில் கரு கலைந்த ஒரு தாய், அதில் ஜீவன் இருந்ததா என்று ஆசார்யரிடம் கேட்பாளாயின், இல்லை என்று சொல்லி ஆறுதல் கூறுவது எளிது. ஸித்தாந்தப்படி அது பொய்யாகும்.

அறிவு பெற்ற சிசு செய்வதாகக் கபிலர் சொல்வது வியப்பானது. ஏழு தாதுக்களால் கட்டுண்டு, அஞ்சி, கைகூப்பி ஸ்துதிக்கிறது. பின் ப்ரஸவ வாயு தலைகீழாகத் தள்ள, நினைவை இழந்து பிறக்கிறது. இந்த மறதிக்கு விலக்கானவர்களும் உண்டு. தாயின் கர்ப்பத்திலிருந்தபடி நாரதரின் உபதேசத்தைக் கேட்ட ப்ரஹ்லாதன் அதை மறக்கவில்லை. உத்தரையின் வயிற்றில் கட்டைவிரலளவான புருஷனைக் கண்ட பரீக்ஷித்து, வெளிவந்தபின் அவனையே தேடினான். பெயரும் அதனால் வாய்த்தது. அறிவை மறைக்கும் சடவாயுவைக் கோபித்து விலக்கியதால் நம்மாழ்வார் சடகோபரானார் என்பது குருபரம்பரை. பிறக்கும்போது மதுஸூதனன் கடாக்ஷிக்கப்பெற்றவனே ஸாத்த்விகன் என்று மஹாபாரதம் சொல்லும் ஜாயமாந கடாக்ஷமே இவ்விலக்குகளுக்கு ஹேது.

பொய்கையாழ்வாரோ முதல் திருவந்தாதியின் ஆறாம் பாசுரத்தில், கருவரங்கத்துள் கிடந்தபோதே கைதொழுததாக அருளிச்செய்கிறார். பாகவதத்துச் சிசு கூப்பிய அதே கை. ஆயின் திருவெஃகாவில் பொய்கைத் தாமரையில் அவதரித்தவர் என்று குருபரம்பரை கொண்டாடும் அவருக்குக் கருவேது? தாமரையின் உட்புறத்தையே கருவாகக் கொள்ளலாமெனினும் அது சுவைக்கவில்லை. பாசுரம் கேட்போரை நோக்கிய விளி உடையது; அன்று மறவாதவன் இன்று மறப்பேனோ என்பது அதன் வாதம். தாய் வயிற்றில் கிடந்து, தாமும் ஒருகால் கைகூப்பி, பின் மறந்துபோனவர்களிடம்தான் அவ்வாதம் செல்லும். ஆகையால் தம் பிறப்பை விட்டு அவர்களுடைய பிறப்பின் மொழியில் ஆழ்வார் பேசுகிறார் என்பதே பொருந்துகிறது.