நிறுத்தி வைத்த செங்கல்

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் உருளையாக ஒரு கட்டடம் நிற்கிறது. இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே போனால் மாடிப்படியைத் தேட வேண்டாம். தளமே மெல்லச் சரிந்து, சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்தோடு கட்டடமாக எழும்பியிருக்கின்றன. தரை சரிகிறது, மேசை சரியவில்லை. காபி டம்ளர் வைத்த இடத்தில் நிற்கிறது. சுவரில் செங்கல் விட்டுச் செங்கல் வைத்த துளைகள். அவற்றின் வழியே வரும் வெயில் மேசைமேல் புள்ளி புள்ளியாக விழுகிறது. பேருந்துக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தோடு வருகிறவர்கூட இரண்டாம் சுற்றில் நடையைத் தளர்த்திவிடுகிறார்.

இதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். போர்க்காலத்தில் சீனாவில் நோயாளிகளுக்குப் பணிசெய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவருக்குள் தங்கிவிட்டது. 1945-இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்ட இந்தியா வந்தவர் இந்த மண்ணிலேயே வேர்விட்டார். மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலையின் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு கேரளம் சேர்ந்து, நாலாஞ்சிறையின் பாறைச்சரிவில் தமக்கென்று ஒரு வீடு எழுப்பினார். 1989-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

அவருடைய சுவர்களில் ஒன்றைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். வழக்கமாகப் படுக்கவைக்கும் செங்கல்லை அவர் பக்கவாட்டில் நிறுத்திவைத்தார். மூன்று அங்குலக் கனமுள்ள இரண்டு கற்கள் இணையாக நிற்கும்; நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம். அடுத்து ஒரு கல் இரண்டையும் இணைத்துக் குறுக்கே நிற்கும். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. இங்கிலாந்தின் பழைய வழக்கம் இது; எலிப்பொறிக் கட்டு என்று பெயர். கல்லைத் திருப்பி வைத்ததைத் தவிர அதில் வேறு வித்தை ஏதும் இல்லை. மிச்சப்பட்ட அந்தக் கல் இன்னொரு ஏழையின் வீட்டுக்குப் போக முடியும் என்று கணக்குப் பார்த்த மனம்தான் என்னைக் கட்டிப்போடுகிறது.

கூரையிலும் இதே கண். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான்; அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. வேலையில்லாத அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சிமென்ட் குறைந்தது. அண்ணாந்து பார்ப்பவருக்கு ஓடுகளின் சிவப்பு வரிசை கோலம்போலத் தெரிகிறது. சிக்கனம் செய்த இடத்திலேயே அழகு வந்து உட்கார்ந்துகொள்வதை இவரிடம்தான் இத்தனை முறை பார்க்கிறேன்.

திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம், பொருளியல் அறிஞர் கே.என். ராஜுக்காக 1970-களில் அவர் கட்டியது. அங்கே சுவர்கள் நேராகப் போவதில்லை. மேட்டின் போக்குக்கு வளைகின்றன, மரம் குறுக்கிட்டால் விலகிக்கொள்கின்றன. பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டியபோது ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடிக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ளிவைத்தார். ஒரு வீடு இன்னொன்றின் கடற்காற்றை மறைக்கவில்லை. வாசலில் வலை விரிக்கவும் மீன் காயவைக்கவும் இடம் கிடைத்தது. மாளிகைக்குக் காட்டும் கவனத்தைக் குடிசை மாற்று வீட்டுக்கும் காட்டுகிறவர் அரிது.

1985-இல் கேரளத்தின் முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோருடன் சேர்ந்து, ஊரக வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்ப மையமான காஸ்ட்ஃபோர்ட் அமைப்பைத் தொடங்கினார். தம் கையெழுத்திலேயே எழுதி, கோட்டுப்படம் வரைந்து சிறு கையேடுகள் வெளியிட்டார். செலவைக் குறைத்து வீடு கட்டுவது எப்படி என்று ஒன்று, மண் வீடு பற்றி ஒன்று, ஊர்க் குப்பையை என்ன செய்வது என்றுகூட ஒன்று! நகரம் நாறினால் அதுவும் கட்டடக் கலைஞரின் கவலைதான் என்று நினைத்தவர் அவர். தொழில் ரகசியத்தைப் பூட்டிவைக்கிற உலகில், எவரும் எடுத்துப்போய் மேஸ்திரியிடம் காட்டட்டும் என்று எல்லாவற்றையும் வரைந்து கொடுத்துவிட்டார்.

அவருடைய சுவர்களுக்குப் பூச்சு கிடையாது. செலவு மிச்சம் என்பது ஒரு பக்கம். செங்கற்கள் மனித முகங்களைப் போல ஒன்றுக்கொன்று வேறுபட்டவை, அவற்றை ஏன் மூட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். எனக்குப் பிடித்தது மூன்றாவது: பூச்சு இல்லாத சுவரில் கொத்தனாரின் கை அப்படியே நிற்கிறது. ஒரு வரிசையில் சாந்து கொஞ்சம் மெலிந்திருக்கும், இன்னொன்றில் தடித்திருக்கும். சூளையில் கூடுதலாக வெந்த கல் ஒன்று கருநீலமாக நடுவில் நிற்கும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, காலையில் வேலை பார்த்தவர் எங்கே நிறுத்தினார், மதியம் யார் தொடர்ந்தார் என்பதுகூடத் தெரிகிறது.