கோடு அலையாகும் நேரம்

தேனி சாலையில் பேருந்துச் சத்தம் குறைந்து, நாகமலை இருட்டில் கரைந்த பிறகுதான் எங்கள் நாகமலை புதுக்கோட்டை வீட்டில் பாட்டைப் பதிவு செய்ய முடியும். மின்விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் போர்வையைச் சொருகிவிட்டு, கணினியில் ஆடாசிட்டியைத் திறப்பேன்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டோமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் 1999-இல் தொடங்கிய மென்பொருள் இது. இன்றும் இலவசம். ஒரு குரலுக்கும் ஒரு வாத்தியத்துக்கும் தாராளமாகப் போதும். பல தடங்களை அடுக்கி முழுப் பாட்டாகக் கோக்க நினைப்பவர்கள் ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் நேர்க்கோடு அலையாக எழும். நொடிக்கு 44,100 முறை குரல் அளக்கப்படுகிறது. பல்லவிக்கு முன் இழுக்கும் மூச்சுகூடச் சின்ன மேடாகத் தெரியும்.

எனக்கு மிகப் பிடித்தது இரைச்சலைத் தணிக்கும் விதம். பாடுமுன் இரண்டு நொடி சும்மா இருக்க வேண்டும். அந்த வெறும் நொடிகளைத் தேர்ந்து காட்டினால், கணினியின் முனகலை மென்பொருள் அடையாளம் கண்டு, பாட்டு முழுவதும் அடக்கும். மிஞ்சினால் குரல் தகரமாகிவிடும். அளவு காதுக்குத்தான் தெரியும்.

ஏ.ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில்தான் ஒலிக்கூடம் அமைத்தார். 1992-இல் அவர் இசையில் ‘ரோஜா’ படம் வந்தது. நல்ல இசை பிறக்க ஓர் அமைதியான அறையும், பொறுமையாகக் கேட்கும் காதும் முதலில் வேண்டும். மென்பொருள் அதற்குப் பிறகுதான்.