வெள்ளைக்காரி என்றால் பரவாயில்லை

2010 ஜூலையில் 'மதராசபட்டினம்' வெளியானபோது, படித்த விமர்சனங்களில் இரண்டு பெயர்கள் அடிக்கடி வந்தன: டைட்டானிக், லகான். வயதான வெள்ளைக்காரம்மா பழசை நினைத்துப் பார்க்கிறார், ஆகவே டைட்டானிக். வெள்ளைக்காரனோடு மோதுகிறார்கள், ஆகவே லகான். அப்புறம் செல்வகுமாரின் கலை இயக்கத்துக்கு ஒரு சபாஷ். 1953-ல் நின்றுபோன டிராமை மறுபடி ஓட விட்டதற்கு தாராளமாகக் கைதட்டலாம். எமி ஜாக்சன் அழகு, ஆர்யாவுக்கு நல்ல உடம்பு. விமர்சனம் ஓவர்.

கதையை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கவர்னரின் மகள், சலவைத் தொழிலாளி ஒருவனைக் காதலிக்கிறாள். அவள் ஆளும் இனம், இவன் ஆளப்படுகிறவன். நாற்பதுகளின் மதராஸில் இதைவிட வில்லங்கமான காதல் உண்டா? ஆனாலும் யாரும் கொடி பிடிக்கவில்லை. குடும்பத்தோடு போய்ப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

காரணம் சிம்பிள். இந்தக் காதலை எதிர்க்கிறவன் தியேட்டரில் இல்லை. 1947-லேயே கப்பல் ஏறிவிட்டான். நாம் எல்லோரும் ஆர்யா பக்கம்.

எதிர்க்கிறவர் தியேட்டரிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? 1967 டிசம்பரில் அமெரிக்காவில் 'கெஸ் ஹூ'ஸ் கமிங் டு டின்னர்' வந்தது. வெள்ளைக்காரப் பெண், கறுப்பு டாக்டர். அதே வருஷம் ஜூன் வரை 16 மாநிலங்களில் அப்படிக் கல்யாணம் செய்துகொள்வது சட்டப்படி குற்றம். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லித்தான் அது போயிற்று. அதனால் படம் பயந்து பயந்து நடக்கிறது. சிட்னி பாய்டியர் உலகப் புகழ் டாக்டர். பெண்ணின் அப்பா அம்மா சம்மதிக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வேறு சொல்கிறார்! 'இப்படி ஒரு மாப்பிள்ளையை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஒரு சாதாரண போஸ்ட்மேனாக இருந்தால்?' என்று அங்கே விமர்சகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் பால்ட்வின் ஒன்பது வருஷம் கழித்துக்கூட புத்தகம் போட்டு அந்தப் படத்தைப் பிரித்து மேய்ந்தார்.

நம் ஊரிலும் அப்படி ஒன்று நடந்தது. 1995-ல் மணிரத்னத்தின் 'பம்பாய்'. இந்துப் பையன், முஸ்லிம் பெண். ஜூலை மாதம் ஆழ்வார்ப்பேட்டையில் அவர் வீட்டின் மீது குண்டு வீசினார்கள், காயத்தோடு தப்பினார். குண்டு வீசுவது விமர்சனம் ஆகாது. ஆனால் அந்தப் படத்துக்கு நிஜமான விமர்சனமும் வந்தது. 'ஏன் பையன் மட்டும் இந்து? மாற்றிப் போட்டால் எடுத்திருப்பார்களா?' என்று கேட்டார்கள். படத்தின் அஸ்திவாரத்தையே தட்டிப் பார்க்கிற கேள்வி அது.

'மதராசபட்டின'த்தை யாரும் அப்படி மாற்றிப் போட்டுப் பார்க்கவில்லை. நாம் பார்ப்போம். அதே வருஷம், அதே சலவைத் தொழிலாளி, அதே காதல். கவர்னரின் மகளை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு மயிலாப்பூர் வக்கீலின் மகளைப் போடுங்கள். லஸ்ஸில் பங்களா, வாசலில் கார், துணி மூட்டை எடுக்கப் பின்பக்கமாக வரும் பையன். விமர்சனத்தில் அப்போதும் டிராம் பற்றித்தான் எழுதியிருப்பார்களா? படம் முதலில் ரிலீஸ் ஆகியிருக்குமா?

பக்கத்துத் தெருப் பெண்ணாக இருந்தால் தமிழ் சினிமாவில் என்ன நடக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். 'பாரதி கண்ணம்மா'வில் (1997) பண்ணையார் மகளும் அவர் வீட்டு வேலைக்காரனும் சிதையில்தான் சேர்கிறார்கள். 'காத'லில் (2004) மெக்கானிக்குக்குப் புத்தி பேதலித்துப் போகிறது. கவர்னர் மகளைக் காதலித்தவனுக்கு மட்டும் பிற்காலத்தில் ஒரு மரியாதையான வாழ்க்கை கிடைக்கிறது; காதலி பெயரில் அறக்கட்டளைகூட நடத்துகிறான்.

இயக்குநர் விஜய் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாக எடுத்த படம். அந்தத் தாலியைத் திருப்பிக் கொடுக்க அவள் லண்டனிலிருந்து வருவது எந்த மனசையும் கரைக்கும். வருத்தமெல்லாம் எழுதினவர்கள் மேல்தான். நிறத்தைப் பார்த்தார்கள், அவன் தொழிலைப் பார்க்கவில்லை.

மந்தைவெளியிலோ அடையாறிலோ உங்கள் தெரு முனையில் இன்றைக்கும் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். அங்கே பெட்டி போடுகிறவரின் மகன் பி.ஈ. முடித்திருக்கலாம். அவன் உங்கள் ஃப்ளாட் பெண்ணோடு பீச்சில் நடந்து போவதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் 'மதராசபட்டினம்' பார்த்துக் கண் கலங்கியவராக இருந்தால், உங்களுக்குத்தான் இந்தக் கேள்வி.